இணைப்பு எதிர்ப்பு (புதுச்சேரி)

இணைப்பு எதிர்ப்பு என்பது புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய முன்னாள் பிரெஞ்சிந்தியப் பகுதிகளைப் பெரியதோர் அரசியல் அமைப்போடு சேர்ப்பதை மறுக்கும் நிலைப்பாடு. இந்த அடைமொழி இரண்டு காலங்களில் இரண்டு வெவ்வேறு கருத்துகளைக் குறித்தது. 1947 முதல் 1954 வரை, இந்தியாவோடு சேராமல் பிரான்சின் கீழேயே இருக்க விரும்பியவர்கள் இணைப்பு எதிர்ப்பாளர்கள். 1963-க்குப் பிறகு, இந்தியாவுக்குள் தனி ஒன்றியப் பகுதியாகவே இருக்க வேண்டும், தமிழ்நாட்டோடோ கேரளம், ஆந்திரத்தோடோ கரைந்துவிடக் கூடாது என்றவர்கள் அதே பெயரைப் பெற்றனர். ஐரோப்பிய ஒன்றியத்தை எதிர்ப்போருக்கு அக்கண்டத்தில் வழங்கும் அடைமொழியும் இதே வகையைச் சேர்ந்தது. எந்த ஒன்றியம், எந்த நிபந்தனையில், யாரைக் கேட்டு உருவாகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால்தான் இத்தகைய சொற்களுக்குப் பொருள் கிடைக்கும்.

நிலமும் எல்லையும்

புதுச்சேரி வட்டாரம் ஒரே துண்டான நிலம் கிடையாது. சுமார் 290 சதுர கிலோமீட்டர் பரப்பு பல தனித்தனித் துண்டுகளாக, இன்றைய விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது. 18-ஆம் நூற்றாண்டுப் போர்களும் பேரங்களும் வரைந்த எல்லை இது. 1749-இல் சந்தா சாகிப் தமக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரர்களுக்கு வில்லியனூர், பாகூர் பகுதிகளை வழங்கினார். அதன்பின் ஆங்கிலேயர் கைப்பற்றுவதும் திருப்பித் தருவதுமாக நிலம் கைமாறி, நெப்போலியன் போர்களுக்குப் பிறகு 1816-இல் இறுதியாகப் பிரான்சிடம் திரும்பியது.

இந்த எல்லையின் தன்மையை நகரத்தைவிடக் கிராமங்களே நன்கு அறியும். வில்லியனூர் வட்டத்தில், மண்ணாடிப்பட்டு கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பிரிவைச் சேர்ந்த காட்டேரிக்குப்பம் அத்தகைய எல்லையோரக் கிராமம். கரும்பும் நெல்லும் விளையும் இப்பகுதியில் பெண் எடுப்பதும் கொடுப்பதும், சந்தைக்குப் போவதும், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதும் எல்லையின் இருபுறமும் நடக்கும். மொழி, சாதி, உறவு, பயிர் எதிலும் வேறுபாடு இல்லாத இரண்டு ஊர்களுக்கு இடையே சட்டமும் வரியும் நிர்வாகமும் மட்டும் மாறுகின்றன. பண்பாட்டு வேற்றுமையால் பிறந்தது என்று இணைப்பு எதிர்ப்பை விளக்குவது இக்கிராமங்களில் செல்லாது. தனித்தன்மை இங்கே ஆட்சிமுறையிலிருந்து வந்தது.

அந்த ஆட்சிமுறையின் அடித்தளம் கொம்யூன். 1880-இல் பிரான்ஸ் தன் இந்தியப் பகுதிகளில் நகரசபை முறையைக் கொண்டுவந்தது. புதுச்சேரி வட்டாரத்தில் புதுச்சேரி, உழவர்கரை, அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், திருபுவனை, மண்ணாடிப்பட்டு என எட்டு கொம்யூன்கள் பின்னர் நிலைபெற்றன. ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மேர் (நகரசபைத் தலைவர்) இருந்தார். பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள் அவர் கையில். தேர்தல்களில் அடிதடியும் கள்ள வாக்கும் மலிந்திருந்தன என்றாலும், பக்கத்துத் தென்னார்க்காட்டுக் கிராமங்களுக்கு இல்லாத ஓர் உள்ளூர் அதிகாரம் இங்கே இருந்தது. பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கும் இங்கிருந்து உறுப்பினர்கள் போனார்கள். 1954-இல் வரலாற்றைத் திருப்பியதும் இந்த மேர்கள்தான்.

முதற்பொருள்: 1947–1954

இந்தியா விடுதலை பெற்றபோது பிரெஞ்சிந்தியாவின் எதிர்காலம் திறந்த கேள்வியாக நின்றது. மக்கள் விருப்பத்தை அறிந்து முடிவெடுப்பது என்று 1948 ஜூனில் இரு அரசுகளும் அறிவித்தன. வங்கத்தில் இருந்த சந்தன்நகரில் 1949 ஜூன் 19 அன்று வாக்கெடுப்பு நடந்தது. 7,473 பேர் இந்தியாவோடு சேர விரும்பினர். 114 பேர் மட்டுமே எதிர்த்தனர். தெற்கே இருந்த நான்கு பகுதிகளில் அப்படியொரு நேரடி வாக்கெடுப்பு நடக்கவேயில்லை.

புதுச்சேரியில் இணைப்பை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் கட்சிகளாகப் பிரிந்து நின்றனர். தொழிலாளர் இயக்கத்தில் வளர்ந்த வ. சுப்பையா பிரெஞ்சு ஆதிக்கத்துக்கு எதிரான அரசியலின் முதன்மை முகம். மறுபக்கம் எதுவார் குபேரின் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி பிரெஞ்சு நிர்வாகத்தோடு நெருங்கி, 1948 நகரசபைத் தேர்தலில் பெரும்பாலான கொம்யூன்களைக் கைப்பற்றியது. 1951-இல் குபேர் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினரானார். அன்றைய வழக்கில் இணைப்பு எதிர்ப்பாளர் என்றால் அவரையும் அவர் கட்சியினரையும்தான் மக்கள் நினைத்தார்கள்.

எதிர்த்தவர்கள் எல்லோரையும் ஏகாதிபத்தியத்தின் கையாட்கள் என்று தள்ளிவிட முடியாது. பிரெஞ்சு இராணுவத்திலும் இந்தோ-சீனத்து அலுவலகங்களிலும் பணிபுரிந்து ஓய்வூதியம் பெற்ற குடும்பங்கள் இருந்தன. புதுச்சேரிப் பேச்சில் இன்றும் அவர்கள் 'சொல்தா' (சிப்பாய்) வீட்டுக்காரர்கள். 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி தம் சாதி, சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்களின் வழிவந்தோர் இருந்தனர். சாதிப்படியில் கீழே வைக்கப்பட்டிருந்த பலருக்கு அந்தச் சட்டம் ஏட்டளவிலேனும் சமத்துவம் தந்திருந்தது. அதை இழக்க அவர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது.

இணைப்பை நோக்கி நிலைமையைத் தள்ளியதில் சுங்கவேலிக்குப் பெரும் பங்குண்டு. பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சிந்தியாவும் 1941-இல் செய்திருந்த சுங்க ஒப்பந்தத்தை இந்திய அரசு 1949 ஏப்ரல் 1 முதல் முடிவுக்குக் கொண்டுவந்தது. அதுவரை கண்ணுக்குத் தெரியாதிருந்த கோட்டில் சோதனைச் சாவடிகள் எழுந்தன. துண்டு துண்டான நிலத்தில், ஒரு கொம்யூனிலிருந்து மற்றொன்றுக்குப் போகவே இந்திய மண்ணைக் கடக்க வேண்டியிருந்தது. அரிசி, துணி, மண்ணெண்ணெய் எல்லாம் சோதனைக்கு உள்ளாயின. கடத்தலால் சிலர் செழித்தார்கள். உழவர்களும் நெசவாலைத் தொழிலாளர்களும் நெருக்கடியைச் சுமந்தார்கள். 1954-இல் அனுமதிச்சீட்டு முறை வந்து பிடி மேலும் இறுகியது.

அந்த ஆண்டு மார்ச் 18 அன்று புதுச்சேரி வட்டாரத்தின் எட்டு கொம்யூன்களின் மேர்களும் ஆட்சிக்குழுவினரும் வாக்கெடுப்பே இல்லாமல் இந்தியாவோடு சேரவேண்டும் என்று தீர்மானித்தனர். இணைப்பு எதிர்ப்பின் தலைவராக இருந்த குபேரே இணைப்பின் தலைவராக மாறினார். உள்ளூர் அதிகாரப் போட்டி, பிரெஞ்சு நிர்வாகத்தோடு முற்றிய உரசல், இந்தியா தந்த பொருளாதார அழுத்தம் ஆகியவை இந்த மாற்றத்துக்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. மார்ச் 31 அன்று நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. அங்கே இடைக்கால அரசு அமைந்தது. மண்ணாடிப்பட்டும் திருபுவனையும் அடுத்துப் பிரெஞ்சு நிர்வாகத்தின் கையைவிட்டுப் போயின. நகரத்துக்கு முன்பே கிராமக் கொம்யூன்கள் விடுபட்டன என்பது புதுச்சேரி வரலாற்றில் அழுத்திச் சொல்லப்படவேண்டிய உண்மை. ஏனாம் ஜூனிலும் மாஹே ஜூலையிலும் அதே வழியில் சென்றன.

கீழூர், 1954

தியன் பியன் ஃபூவில் 1954 மே மாதம் தோற்ற பிரான்ஸ், ஆசியாவில் இன்னொரு தகராறைத் தொடரும் நிலையில் இல்லை. பிரதமர் மென்டெஸ் பிரான்சின் அரசு இந்தியாவோடு பேசி முடித்தது. ஆயினும் பிரெஞ்சு அரசியலமைப்பின் 27-ஆவது பிரிவு குறுக்கே நின்றது. மக்களின் ஒப்புதல் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுக்க அது அனுமதிக்கவில்லை. நேரடி வாக்கெடுப்புக்கு மாற்றாக, தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளின் வாக்கெடுப்பு என்ற வழியை இரு அரசுகளும் ஏற்றன.

1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர்ப் பகுதியில் உள்ள கீழூர் என்ற சிற்றூரில் பிரதிநிதித்துவச் சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களும் கூடினர். வாக்களித்த 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. கேவல் சிங் முதல் தலைமை ஆணையரானார். முதற்பொருளில் இணைப்பு எதிர்ப்பின் கடைசிப் பதிவு அந்த எட்டு வாக்குகள். அவற்றைத் துரோகமாக எண்ணாமல், ஆதரவுக்கும் எதிர்ப்புக்கும் இடம்விட்ட வாக்கெடுப்பின் சான்றாக மதிப்பதே முறை.

1956 உடன்படிக்கை

இரண்டாம் பொருளுக்கான விதை 1956 மே 28 அன்று புதுதில்லியில் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கையில் இருக்கிறது. 1954 நவம்பர் 1-க்கு முன்பிருந்த தனி நிர்வாக நிலை இப்பகுதிகளுக்குத் தொடரும் என்றும், அதில் பின்னாளில் செய்யும் அரசியலமைப்பு மாற்றம் எதுவும் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே நடக்கும் என்றும் அதன் இரண்டாம் பிரிவு கூறுகிறது. இந்தியாவோடு சேர்ந்ததற்கான சாசனமே, மேலும் ஓர் இணைப்புக்குத் தடுப்பாகவும் அமைந்துவிட்டது.

அல்ஜீரியப் போர் நடந்த ஆண்டுகளில் நிலத்தை விட்டுக்கொடுக்கும் எந்த ஆவணத்துக்கும் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கிடைப்பது கடினமாயிற்று. அல்ஜீரியப் பிரச்சினை முடிந்தபின், 1962-இல்தான் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று ஏற்பு ஆவணங்கள் கைமாறின. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாதம் அவகாசம் தரப்பட்டது. சில ஆயிரம் பேர் அதைத் தேர்ந்தனர். அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தம் புதுச்சேரியை ஒன்றியப் பகுதியாக்கியது. 1963 ஜூலை 1 அன்று சட்டமன்றம் உருவானது; குபேர் முதல் முதலமைச்சரானார்.

சந்தன்நகரின் கதை வேறு. இணைப்பை ஆதரித்துப் பெருவாரியாக வாக்களித்த அந்நகரம் 1954 அக்டோபர் 2 முதல் மேற்கு வங்கத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. கேட்கப்பட்ட மக்கள் தனி அடையாளத்தை இழந்தார்கள். நேரடியாகக் கேட்கப்படாத மக்கள் அதைத் தக்கவைத்தார்கள்.

இரண்டாம் பொருள்: 1979 போராட்டம்

1963-க்குப் பிறகு இந்தியாவை எதிர்ப்பது யாருடைய அரசியலும் இல்லை. 'இணைப்பு' என்ற சொல்லின் குறி அண்டை மாநிலங்களை நோக்கித் திரும்பியது. மொழிவாரி மாநிலங்கள் அமைந்த நாட்டில், தமிழ் பேசும் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டோடும், மலையாள மாஹே கேரளத்தோடும், தெலுங்கு ஏனாம் ஆந்திரத்தோடும் சேர்வது இயல்பு என்ற வாதம் உயிரோடு இருந்தது.

அந்த வாதத்தைப் பிரதமர் மொரார்ஜி தேசாய் பேசியபோது, 1979 ஜனவரியில் புதுச்சேரி கொதித்தது. ஒன்றியப் பகுதி அப்போது குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது. மக்களுக்காகப் பேச ஓர் அமைச்சரவைகூட இல்லை. கடைகள் அடைக்கப்பட்டன. மாணவர்களும் தொழிலாளர்களும் அரசு ஊழியர்களும் கட்சி வேறுபாடின்றித் தெருவில் இறங்கினர். போராட்டம் கலவரமாகி, துப்பாக்கிச் சூடு வரை போனது. மைய அரசு இணைப்புத் திட்டத்தைக் கைவிட்டது. அதற்குப் பிறகு புதுச்சேரியில் வாக்குக் கேட்டு வரும் எந்தக் கட்சியும் இணைப்பை வெளிப்படையாக ஆதரிக்கத் துணிந்ததில்லை. 1980 தேர்தலுக்குப் பின் திமுக–காங்கிரஸ் கூட்டணி ஆட்சி அமைத்தது. அன்றுமுதல் இணைப்பு எதிர்ப்பு ஒரு கட்சியின் அடையாளமாக இல்லாமல் எல்லாக் கட்சிகளுக்கும் பொதுவான நிலையாகிவிட்டது.

எதிர்ப்பின் காரணங்கள்

முதற்காரணம் ஆட்சியின் அண்மை. லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவு ஆலை இயங்கிய காலத்தில், கரும்புப் பணம் நிலுவை என்றால் காட்டேரிக்குப்பத்து விவசாயி அந்த ஆலைக்கும், அங்கே கேட்காவிட்டால் புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கும் போய் அன்று மாலையே வீடு திரும்ப முடிந்தது. சட்டமன்ற உறுப்பினரை ஊரில் எல்லோருக்கும் முகம் தெரியும். பெரிய மாநிலத்தின் ஓரத்து ஒன்றியமாகிவிட்டால் இந்த நெருக்கம் போய்விடும் என்ற கணக்கு உணர்ச்சி சார்ந்தது மட்டும் ஆகாது; அதில் நிர்வாக அறிவும் உண்டு.

இரண்டாவது, வேலையும் கல்வியும். அரசுப் பணியிலும் தொழிற்கல்வி இடங்களிலும் உள்ளூர்வாசிகளுக்கு உள்ள வாய்ப்பு, போட்டி விரிந்தால் சுருங்கும். மூன்றாவது, வரியும் வணிகமும். 1979-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு நடப்பில் இருந்தது. மொரார்ஜியும் மதுவிலக்கில் உறுதியானவர். சாராய வருவாயை நம்பிய கருவூலமும் கள் இறக்கி வாழ்ந்த குடும்பங்களும் இணைப்பை அஞ்ச அதுவும் போதுமான காரணம். நான்காவது, மாஹேயும் ஏனாமும். அறுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இவ்விரு சிறு பகுதிகளும் பெரிய மாநிலங்களில் ஒரு சிறு நகரமாக மட்டுமே எஞ்சும். ஒன்றியப் பகுதியில் அவற்றுக்குத் தனிச் சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன.

இணைப்பை ஆதரிக்கும் எதிர்த்தரப்பின் வாதத்திலும் வலுவுண்டு. ஒரே ஆற்றின் நீரை, ஒரே சாலையை, ஒரே நிலத்தடி நீரை இரண்டு அரசுகள் பங்கிட்டு ஆள்வதால் பணிகள் தேங்குகின்றன. விலை வேறுபாட்டால் மதுக் கடத்தல் பெருகி, எல்லையோரக் கிராமங்களின் இளைஞர்களைக் கெடுக்கிறது. ஓராட்சி இதை எளிதாக்கும் என்போரை மறுப்பவர்கள், இணைப்பே இல்லாமல் இவற்றைத் தீர்க்கும் வழியையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

ஐரோப்பிய ஒப்பீடு

ஐரோப்பாவில் இதே போன்ற சொல் இதே போன்று வளைந்து வளர்ந்தது. 1960-களில் பொதுச் சந்தையில் பிரிட்டன் சேர்வதை மறுத்தவர்கள் 'சந்தை எதிர்ப்பாளர்' எனப்பட்டனர். பிரிட்டன் சேர்ந்தபின் நடந்த 1975 வாக்கெடுப்பில் 67 விழுக்காட்டினர் உள்ளே இருக்கவே விரும்பினர். ஐரோப்பிய இணைப்பை ஐயுறுவோர் என்ற பொருள் தரும் அடைமொழி 1980-களின் நடுவில் பிரிட்டிஷ் இதழ்களில் தோன்றியது. 1988-இல் மார்கரெட் தாட்சர் ப்ரூஜில் ஆற்றிய உரையும் 1992 மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையும் அதைப் பரப்பின. இணைப்பையே மறுப்பவர், இன்றைய இணைப்பின் போக்கை மட்டும் குறைகூறுபவர் என்று வன்மை, மென்மை சார்ந்த இரு வகைகளை ஆய்வாளர்கள் பிரித்தார்கள். 2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் 51.9 விழுக்காட்டினர் வெளியேற வாக்களித்தபோது வன்மை வகை வென்றது.

இந்தப் பிரிப்பு புதுச்சேரிக்கும் பொருந்தும். 1954-இன் எட்டு வாக்குகள் வன்மையான எதிர்ப்பு. 1979-இன் போராட்டம் மென்மையானது. அது இந்தியாவை முழுமையாக ஏற்று, அதன் உள்ளே தன் இடத்தின் வடிவை மட்டும் காத்தது. ஒரு வேறுபாடும் உண்டு. பிரிட்டனின் எதிர்ப்பாளர்கள் தம் நாட்டுத் தலைநகரத்துக்கு அதிகாரத்தை மீட்க விரும்பினர். புதுச்சேரிக்காரர்கள் தொலைவில் உள்ள தில்லியை ஏற்று, அருகில் உள்ள சென்னையை மறுத்தனர். அண்மையில் இருக்கும் பெரியவரிடம் கரைந்துபோகும் அச்சம், தொலைவில் இருப்பவரிடம் கீழ்ப்படியும் அச்சத்தைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது.

இரண்டு வரலாறுகளும் ஒரே ஊரில் சந்திக்கவும் செய்தன. 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களின் குடும்பத்தினர் பிரான்சின் தேசிய வாக்கெடுப்புகளில் வாக்குரிமை உடையவர்கள். 1992 செப்டம்பரில் மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையைப் பிரான்ஸ் 51 விழுக்காட்டு ஆதரவோடு ஏற்றபோதும், 2005 மே 29 அன்று ஐரோப்பிய அரசியலமைப்பை ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் நிராகரித்தபோதும் அந்த உரிமை அவர்களுக்கு இருந்தது. தமிழ் பேசி, புதுச்சேரியில் வாழும் குடிமக்கள், ஒரு கண்டத்தின் இணைப்பைப் பற்றி முடிவுசெய்ய அழைக்கப்பட்டார்கள். தம் சொந்த ஊரின் இணைப்பைப் பற்றி அப்படியொரு நேரடி வாக்கு அவர்களுக்கோ அவர்களுடைய அண்டைவீட்டாருக்கோ ஒருபோதும் தரப்பட்டதில்லை.

இன்றைய வழக்கு

இன்று இணைப்பு எதிர்ப்பு பெரும்பாலும் தனி மாநிலக் கோரிக்கையின் வடிவில் பேசப்படுகிறது. முழு மாநிலத் தகுதி கேட்டு சட்டமன்றம் பலமுறை தீர்மானம் நிறைவேற்றியுள்ளது. 2011-இல் ந. ரங்கசாமி தொடங்கிய அகில இந்திய என்.ஆர். காங்கிரசும் இதை முன்னிறுத்தியது. துணைநிலை ஆளுநருக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவைக்கும் இடையே 2016-க்குப் பின் எழுந்த அதிகார மோதல் கோரிக்கைக்குக் கூர்மை தந்தது. சென்னையிடமிருந்து காத்துக்கொண்ட தன்னாட்சியைத் தில்லியிடம் முழுமையாகப் பெறவில்லை என்ற உணர்வு இதன் அடியில் உள்ளது. காரைக்காலில் தனி ஒன்றியப் பகுதி வேண்டும் என்ற குரல் எழுந்ததும் உண்டு. புதுச்சேரி நகரமே தொலைதூரத் தலைநகராகத் தெரியும் இடத்திலிருந்து அதே நியாயம் பேசப்படுகிறது.

வரலாற்றுக் கட்டுரைகளில் இந்த அடைமொழியை ஆண்டு குறிப்பிடாமல் ஆள்வது பிழைக்கு இடம்தரும். குபேர் 1950-இல் இணைப்பு எதிர்ப்பாளர், 1954-இல் இணைப்பாளர். 1979-இல் தெருவுக்கு வந்தவர்களில் பலர் 1954-இன் இணைப்பைக் கொண்டாடி வளர்ந்தவர்கள். அவர்களைப் பிரெஞ்சு விசுவாசிகள் என்பதும், தமிழுணர்வு அற்றவர்கள் என்பதும் தவறு.

மதிப்பீடு

இருவேறு பொருள்களுக்கும் அடியில் ஒரு கோரிக்கை மாறாமல் ஓடுகிறது: எங்கள் நிலத்தின் நிலையை மாற்றுமுன் எங்களைக் கேளுங்கள். பிரெஞ்சு அரசியலமைப்பின் 27-ஆவது பிரிவு அதைக் கேட்டது. கீழூரில் பிரதிநிதிகள் மக்களுக்காக விடை சொன்னார்கள். 1956 உடன்படிக்கை அதை வாக்குறுதியாக எழுதியது; 1979-இல் கேட்காமலே முடிவெடுக்க முயன்றபோது மக்கள் தெருவில் விடை சொன்னார்கள். இந்திய அரசியலமைப்பின் 3-ஆவது பிரிவு மாநில எல்லைகளை மாற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரம் புதுச்சேரியைத் தொடும் நாளில், தனி மாநிலம் ஆக்குவதானாலும் அண்டை மாநிலத்தில் சேர்ப்பதானாலும், காட்டேரிக்குப்பம் போன்ற எல்லையோரக் கிராமங்களின் வாக்காளர்களை நேரடியாகக் கேட்பதே உடன்படிக்கையின் சொல்லுக்கு அரசு செய்யும் நியாயம்.